தொடைக்குக் கொடுத்த தவணை

"கட்டியைப் பத்தி எனக்குக் கவலை இல்லைங்க மேடம். தொடையைப் பத்தித்தான் கவலை" என்றார் அறுவை சிகிச்சை மருத்துவர்.

என் கணவருக்குப் பெருங்குடலில் கட்டி. புற்றுதான், ஆனால் வேறெங்கும் பரவவில்லை, வெட்டி எடுத்துவிட்டால் ஆள் தப்பித்துக்கொள்வார் என்று ஸ்கேன் சொன்னது. அந்த நல்ல செய்தியைக் கேட்டு மூச்சு விடுவதற்குள் இந்தத் தொடைப் பேச்சு. அதற்கு முன்பு இவர் நிமோனியாவில் விழுந்து வாரக்கணக்கில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்திருந்தார். அந்தக் காய்ச்சலைத் துருவியபோதுதான் கட்டியே தெரிந்தது. வீட்டுக்கு வரும்போது வேட்டி இடுப்பில் நிற்கவில்லை, பெல்ட் போட்டுக் கட்டினேன்.

மருத்துவர் கைப்பிடி இல்லாத ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். கையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு எழுந்திருக்கச் சொன்னார். இவர் முன்னால் குனிந்தார், பிட்டம் ஓர் அங்குலம் தூக்கியது, அப்படியே மறுபடி உட்கார்ந்துவிட்டார். இன்னொரு முறை முயன்றார். மூன்றாவது முறை முயலாமல் என் முகத்தைப் பார்த்தார். வீட்டை ஒட்டியே பம்பு மோட்டார் பட்டறை நடத்துகிறவர், அரைக் குதிரைத்திறன் மோட்டாரை ஒற்றைக் கையில் தூக்கி மேஜையில் வைத்தவர்.

"ஆபரேஷன் டேபிள்ல காப்பாத்திடுவேன் மேடம். வார்டுலதான் பயம். மறுநாளே எழுந்து உக்காரணும், பலமா இருமணும், நடக்கணும். தசை இல்லாதவர் படுத்தே கிடப்பார். நுரையீரல்ல சளி கட்டும். அப்புறம் என் கையில எதுவும் இல்லை." அவர் நாற்காலியைக் காட்டினார். "ஒரு மாசம் தரேன். இதே நாற்காலியில கை ஊன்றாம அஞ்சு தடவை எழுந்து உக்கார்ந்தார்னா தேதி கொடுக்கறேன். அதுக்கு மேல கட்டியும் காத்திருக்காது."

முடியாவிட்டால் என்ன என்று நான் கேட்டேன். மருந்து கொடுத்து நாளை நீட்டலாம் என்றார். எத்தனை நாள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

இதில் ஒரு கொடுமை, நான் கல்லூரியில் நடத்துகிற பாடமே இதுதான். செல்லுக்குள் சேதி எப்படிப் போகிறது என்று வருடா வருடம் பலகையில் அம்பு போட்டுக் காட்டுகிறவள் நான். தசை நார் இழுபடும்போது அதன் சவ்வில் பதிந்திருக்கும் புரதங்கள் அந்த இழுப்பை உணர்கின்றன. உணர்ந்ததும் உள்ளே இருக்கும் இன்னொரு புரதத்தை உசுப்புகின்றன. அது அடுத்ததன் தலையில் ஒரு பாஸ்பேட்டை ஏற்றி அதை உசுப்புகிறது. கைமாறிக் கைமாறிச் சேதி கடைசியில் எம்டார் என்ற புரதத்திடம் வந்து நிற்கும். எம்டார் கறாரான பேர்வழி. பாரம் வந்ததா, பருப்பு, அதாவது சாப்பாட்டுப் புரதம், வந்ததா என்று இரண்டையும் கேட்கும். இரண்டுக்கும் ஆமாம் என்றால்தான் புதுத் தசைப் புரதம் கட்டும் வேலை முழுவேகத்தில் நடக்கும்.

ஆள் சும்மா கிடந்தால் எதிர்க்கட்சி ஆட்சிக்கு வந்துவிடும். ஃபாக்ஸோ என்றொரு புரதம் உட்கருவுக்குள் நுழைந்து, இடிக்கிற மரபணுக்களைத் தட்டி எழுப்பும். எதை இடிக்க வேண்டுமோ அதன்மேல் சீட்டு ஒட்டப்படும். சீட்டு விழுந்த புரதம் துண்டு துண்டாகும். கட்டியும் தன் பங்குக்கு ரத்தத்தில் அழற்சிச் சேதிகளை அனுப்பி இடிப்பவர்களுக்குத் தூபம் போடும். இவ்வளவும் தெரிந்த நான், வீடு இருக்கும் துடியலூர் வரை காரில் அவருடைய தொடையைப் பார்த்துக்கொண்டே வந்தேன். வேட்டிக்குள் இரண்டு தடி கிடந்த மாதிரி இருந்தது.

வீட்டில் எங்களுக்கு முன்பே நங்கையா வந்து இறங்கியிருந்தார். இவருடைய அக்கா; கணவரின் அக்காவை எங்கள் பக்கத்தில் நங்கையா என்போம். வெள்ளகோவிலில் இருந்து பஸ் பிடித்து, இரண்டு பை சாமானோடு வந்து, வீட்டையே புரட்டிப் போட்டிருந்தார். கட்டில் படுக்கையறையிலிருந்து முன் ஹாலுக்கு வந்துவிட்டது. விசாரிக்க வருகிறவர்களைத் தம்பி படுத்தபடியே பார்க்கலாமாம். இவர் வாசற்படி ஏறியதுமே தோளைப் பிடித்துக் கட்டிலில் சாய்த்தார்.

"படு கண்ணு. நீ ஒண்ணும் அலுங்கப்படாது. அக்கா வந்துட்டேன்ல."

நான் டாக்டர் சொன்னதைச் சொன்னேன். எழுந்து உட்கார வேண்டும், நடக்க வேண்டும், காலுக்குப் பாரம் கொடுக்க வேண்டும் என்றேன்.

"உள்ள கட்டிய வெச்சுக்கிட்டு ஆட்டுனா அது பரவாதா அம்மணி? படிச்சவங்க நீங்க சொல்றீங்க, சரிதான். எம்பட மாமன் எப்படிப் போனாருன்னு உங்களுக்கே தெரியுமல்ல."

தெரியும். அவருடைய கணவர் நெஞ்சுவலியிலிருந்து தேறி வந்த வாரத்திலேயே, சொல்லச் சொல்லக் கேட்காமல் தோட்டத்துக்கு மடை மாற்றப் போய், வாய்க்காலிலேயே விழுந்து இறந்தவர். அதன் பிறகு நங்கையாவுக்கு உலகத்தில் ஒரே மருந்துதான் உண்டு. அது படுக்கை. அந்தப் பயத்தோடு நான் எந்த அம்பைப் போட்டு வாதாடுவது?

சாப்பாட்டிலும் இதே கதை. வயிற்றுக்கு இதமாக இருக்கும் என்று வேளாவேளைக்கு அரிசிக் கஞ்சி. முட்டை கொடுக்கலாம் என்றேன். ஆபரேஷன் முடிகிற வரைக்கும் இந்த வீட்டில் கவிச்சி புகாது என்று பழனிக்கு நேர்ந்துபோட்டாராம். யாரைக் கேட்டு என் வீட்டுக்கு நேர்ந்தீர்கள் என்று வாய்வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டு, பச்சைப்பயறையும் பன்னீரையும் வாங்கி வந்து அடுப்பின் மறுபக்கத்தில் என் ராஜ்ஜியத்தை அமைத்தேன். எம்டாருக்குப் புரதம் முட்டையிலிருந்து வந்தாலும் ஒன்றுதான், பயற்றிலிருந்து வந்தாலும் ஒன்றுதான்.

தினமும் ஒரு பிசியோதெரபிஸ்ட் பெண்ணை வரச் சொன்னோம். நல்ல பெண். ஆனால், "வெரி குட் அப்பா, இன்னும் ஒண்ணே ஒண்ணு, சூப்பர்" என்று எல்கேஜி பிள்ளையிடம் பேசுகிற மாதிரி பேசினாள். இவர் இரண்டு நாள் பொறுத்துக்கொண்டார். மூன்றாம் நாள் கண்ணை மூடிக்கொண்டு தூங்குகிற மாதிரி கிடந்துவிட்டார். அவள் போனதும் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார்.

"பட்டறைப் பசங்க சன்னல்ல நின்னு பாக்கறானுக. அவனுக முன்னால நான் என்ன குட்டிக்கரணமா போடறது?"

நான் பாடமே நடத்திப் பார்த்தேன். பாரம் வந்தால்தான் தசைக்குச் சேதி போகும், சேதி போனால்தான் வளரும் என்றேன்.

"லோடு போட்டாத்தான் மோட்டார் ஆம்ப்ஸ் இழுக்கும்னு எனக்கே சொல்லித் தரையா?" என்றார். புரிந்துகொண்டார். புரிந்துகொண்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். பயந்திருக்கிறார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த நாற்காலியில் தோற்றதை மறுபடி மறுபடி தோற்க அவருக்குத் தெம்பு இல்லை.

ஒரு சாயங்காலம் நங்கையா கோயிலுக்குப் போயிருந்தார். நான் கட்டிலின் எதிரில் நின்றுகொண்டு கெஞ்சினேன். "ஏனுங்க, எனக்காக ஒரே ஒரு தடவை எந்திரிச்சு நில்லுங்க."

"உனக்கு எதுக்கு எந்திரிக்கறது? நீ என்ன விருந்தாடியா?" என்று சிரித்தார்.

கேலிதான், விருந்தாளிக்குத்தானே எழுவார்கள். ஆனால் எனக்குச் சுருக்கென்றது. சமையலறைக்குப் போய்ப் பயறு கடைகிற சாக்கில் மத்தைப் போட்டு இடித்தேன். நாட்கள் போய்க்கொண்டிருந்தன. அவருக்குத் தவணை கொடுத்தது ஆஸ்பத்திரி மட்டும் இல்லை, உள்ளே இருந்த கட்டியும்தான்.

விசாரிக்க வருகிறவர்கள் வேறு ஓயவில்லை. எங்கள் பக்கத்து வழக்கம் அது. ஒருவருக்கு முடியவில்லை என்றால் பங்காளி, மாமன், மச்சான், பட்டறைக்கு இரும்பு வார்ப்பு கொடுக்கிறவர் என்று எல்லோரும் ஒரு நடை வந்து தலையைக் காட்டாமல் இருக்க மாட்டார்கள். ஆப்பிளும் ஹார்லிக்ஸும் மேஜையில் குவிந்தன. வருகிறவர்களை வீட்டில் இருக்கிற ஒவ்வொருவரும் தனித்தனியாக "வாங்க" சொல்லிக் கும்பிட வேண்டும். ஒருத்தர் சொல்ல மறந்தாலும், "அந்த ஊட்டுல என்னைய வாங்கன்னு ஒரு வார்த்தை கேக்கலை" என்று பத்து வருடத்துக்குப் பேச்சு ஓடும். இவருடைய உடம்பிலும் அது ஊறியிருந்தது. ஆள் நுழைந்ததும் தலையணையிலிருந்து தலையைத் தூக்குவார். உடனே நங்கையாவின் கை தோளை அழுத்தும். வந்தவரும் பதறிப்போய், "எந்திரிக்காதீங்க, எந்திரிக்காதீங்க, படுங்க" என்பார். இவரும் படுத்தபடியே கும்பிடுவார். இவ்வளவு மரியாதையும் சேர்ந்து மனிதரைப் படுக்கையோடு தைத்துக்கொண்டிருந்தது. நான் கேட்டை உள்ளே பூட்டிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

அப்படி இருக்கும்போதுதான் ஈரோட்டிலிருந்து சம்பந்தி வந்தார். எங்கள் மகளின் மாமனார், மஞ்சள் மண்டி வைத்திருக்கிறவர். சொல்லாமல் வந்துவிட்டார். நங்கையா குளித்துக்கொண்டிருந்தார். இவர் அப்போது மோர் குடிப்பதற்காகக் கட்டிலை விட்டுப் பக்கத்து மர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், நான்தான் தூக்கி உட்கார வைத்திருந்தேன். கேட் திறக்கிற சத்தம் கேட்டது. வெள்ளை வேட்டி தெரிந்தது. பெண்ணைக் கொடுத்த இடம். உட்கார்ந்துகொண்டே சம்பந்தியை வரவேற்பதை இவரால் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது.

நான் டம்ளரோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இவர் இரண்டு கையையும் கூப்பினார். முன்னால் குனிந்தார். முழங்கால்கள் வெடவெடவென்று நடுங்கின. கழுத்து நரம்பு புடைத்தது. பிடிக்கலாம் என்று ஓர் எட்டு வைத்தேன், வைத்த காலை நிறுத்திக்கொண்டேன். எழுந்துவிட்டார். முழுசாக நின்றுவிட்டார்.

"வாங்க சம்மந்தி, வாங்க வாங்க."

"அடடா, உக்காருங்க, எதுக்குங்க எந்திரிச்சுக்கிட்டு" என்று சம்பந்தி ஓடி வந்து பிடித்துக்கொண்டார். நான் அவருக்கு வாங்க சொல்லவே மறந்துவிட்டேன். கூப்பிய கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கை கும்பிட்டுக்கொண்டிருந்தால் நாற்காலியை ஊன்ற முடியாது. மருத்துவர் நெஞ்சோடு கட்டச் சொன்ன கை அதுதான். விருந்தாளிக்கு எழுகிற ஒவ்வொரு முறையும் பாரம் முழுவதும் தொடைக்குத்தான் போகிறது. தசைக்குக் காரணம் தெரியாது. உடற்பயிற்சிக்கு எழுந்தாரா, சம்பந்திக்கு எழுந்தாரா என்று அது கேட்காது, இழுப்பு வந்ததா என்றுதான் கேட்கும்.

சம்பந்தி கிளம்பும்போதும் இவர் ஒரு முறை எழுந்தார், "போயிட்டு வாங்க" சொல்ல.

அன்றைக்கே நான் பங்காளிகளின் வாட்ஸப் குழுவில் ஒரு தகவல் போட்டேன். விசாரிக்க வர விரும்புகிறவர்கள் தயவுசெய்து வரவும், ஆனால் கூட்டமாக வராமல் ஒருவர் பின் ஒருவராக, இடைவெளி விட்டு வரவும், சளி இருமல் இருப்பவர்கள் போனில் விசாரிக்கவும், ஆப்பிள் வேண்டாம், பன்னீரோ நிலக்கடலையோ கொண்டு வரவும். கடைசியாக, அவர் எழும்போது "எந்திரிக்காதீங்க" என்று யாரும் சொல்லக் கூடாது என்று எழுதினேன். முதல் மூன்றையும் எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். நாலாவதை யாராலும் செய்ய முடியவில்லை. நோயாளி நடுங்கிக்கொண்டு எழுகிறார், நாம் கல்லு மாதிரி நின்று பார்ப்பதா? ஒரு பெரியவர் சொல்லிவிடாமல் இருக்க வாயைத் துண்டால் பொத்திக்கொண்டார். இன்னொருவர், "சொல்லக் கூடாதுன்னுட்டாங்க, அதான் சொல்லலைங்க" என்று சொல்லியே காட்டினார்.

கட்டிலை மறுபடி படுக்கையறைக்குத் தள்ளினேன். மர நாற்காலி வாசலைப் பார்த்து ஹாலில் நின்றது. ஆள் வந்து போனதும் ஒரு கிண்ணம் பயறுக் கடைசல் கொடுப்பேன். பாரமும் பருப்பும் அடுத்தடுத்துப் போக வேண்டும். ஒரு முறை போன சேதி ஓரிரு நாளில் அடங்கிவிடும், வயதான தசைக்குக் காது வேறு மந்தம், கூப்பிட்டுக்கொண்டே இருந்தால்தான் திரும்பும். நங்கையா என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டார். தன் தம்பியை நான் வேடிக்கைப் பொருளாக்கிவிட்டேன் என்று போனில் யாரிடமோ சொல்வது என் காதில் விழுந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் பயந்தது நடந்தது. குழுவில் இல்லாத வெள்ளகோவில் சொந்தம் ஒரு டெம்போ நிறைய வந்து இறங்கியது. ஒவ்வொருவராக உள்ளே வர, இவர் ஒவ்வொருவருக்கும் எழுந்தார். உட்காருவார், அடுத்தவர் நுழைவார், எழுவார். போதும் என்று நான் சொல்ல வாயெடுத்தபோது முழங்கால் மடங்கிச் சரிந்துவிட்டார். நாற்காலி விளிம்பு இடுப்பில் இடித்தது. எலும்பு முறியவில்லை, ஆனால் முகம் வெளுத்துப்போயிற்று. நங்கையா அவரை மடியில் சாய்த்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"கொன்னுபோட்டுப் பாடம் நடத்துவீங்களா அம்மணி?"

அன்றைக்கும் மறுநாளும் இவரால் கக்கூசுக்குக்கூடத் தனியாகப் போக முடியவில்லை. ஆற்றல் வற்றிப்போன தசையில் ஏஎம்பிகே என்ற வேறொரு புரதம் எழுந்து, எம்டாருக்கே பிரேக் போட்டுவிடும் என்று பலகையில் எழுதிப்போட்டவள், வாசலில் வந்து நின்ற டெம்போவை நிறுத்தவில்லை. தவணை முடிய இன்னும் கொஞ்ச நாளே இருந்தது. எல்லாம் போயிற்று என்றே நினைத்தேன்.

நங்கையா அந்த இரண்டு நாளும் அவரைப் படுக்கப் போட்டு, விளக்கெண்ணெய் காய்ச்சிக் கால் இரண்டையும் நீவிக்கொண்டே இருந்தார். நான் குறுக்கே போகவில்லை. கட்டுகிற வேலை நடப்பது பாரம் இறங்கிய பிறகுதான். ஓய்வும் பாதி மருந்து, அந்தப் பாதியை அவர்தான் கொடுத்தார். பயறுக் கடைசலை மட்டும் நான் நீட்டினேன். நங்கையா வாங்கி ஊட்டினார். மூன்றாம் நாள் காலையில் சமையலறை வாசலில் எண்ணெய்க் கையோடு வந்து நின்றார்.

"அம்மணி, எனக்கு மட்டும்தான் அப்படித் தோணுதோ என்னமோ. தொடை கெட்டிப்பட்டாப்பல இருக்குது. மொதல்ல தொட்டா கொழகொழன்னு எலும்பு தட்டுமல்ல, இப்ப கைக்கு எதுத்து நிக்குது."

நான் போய்த் தொட்டுப் பார்த்தேன். இவ்வளவு சீக்கிரத்தில் சதை பெரிய அளவில் கூடிவிடாது, முதலில் கூடுவது நரம்பின் துணிச்சல்தான் என்று எனக்குத் தெரியும். தூங்கிக்கிடந்த நார்களை நரம்பு தட்டி எழுப்பக் கற்றுக்கொள்ளும், சதை பின்னால் வரும். அதையெல்லாம் சொல்லவில்லை. "ஆமாங்க நங்கையா" என்றேன்.

அதன் பிறகு வாசல் கேட்டின் பொறுப்பை நங்கையா எடுத்துக்கொண்டார். முற்றத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ஆளை அளவாக உள்ளே விட்டார். "இப்பத்தான் ஒருத்தர் வந்துட்டுப் போனாருங்க, தம்பி காலு ஆறட்டும், ஒரு டீ குடிச்சுப்போட்டு வாங்க" என்று சொந்த மாமனையே முனைக் கடைக்குத் திருப்பி அனுப்பினார். எனக்கு வராத அதிகாரம் அவருக்கு வந்தது.

தவணை நாள் வந்தது. மூன்று பேரும் போனோம். அதே அறை, அதே நாற்காலி. மருத்துவர் கையை நெஞ்சோடு கட்டிக்கொள்ளச் சொன்னார். இவர் கட்டிக்கொண்டார். குனிந்தார்.

எழ முடியவில்லை.

வீட்டில் காலையில்தான் பால்காரருக்குக்கூட எழுந்தவர். மறுபடி முயன்றார், பிட்டம் தூக்கியது, விழுந்தது. பழைய பயம் முகத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது. மருத்துவர் இரக்கமாகப் பார்த்தார். அந்த இரக்கம்தான் எனக்குப் பொறுக்கவில்லை. அவர் பேனாவின் மூடியைத் திறந்தார்.

"டாக்டருங்க, ஒரு நிமிசம் பொறுங்க" என்றார் நங்கையா. சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு வெளியே போய்க் கதவைச் சாத்தினார். எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கதவு தட்டப்பட்டது. திறந்தது. முதன்முறையாக ஒரு வீட்டுப் படி ஏறுகிறவர் மாதிரி, கையைக் கூப்பிக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

"ஏனுங்க, உள்ளுக்கு வரலாமுங்களா?"

பிறந்த நாளிலிருந்து கண்ணு என்று கூப்பிட்ட தம்பியைப் பார்த்து அப்படிக் கேட்டார். அவரைத் தோளைப் பிடித்துப் பிடித்துப் படுக்க வைத்த அதே கை கூப்பியிருந்தது. இவர் வாய் சிரிக்கப் பார்த்தது, கண் கலங்கியது. கட்டியிருந்த கை தானாக அவிழ்ந்து கூப்பிக்கொண்டது.

"வாங்கக்கா" என்று எழுந்துவிட்டார்.

மருத்துவர் என்னைப் பார்த்தார். "கும்பிட்டாலும் செல்லுமுங்களா?" என்று கேட்டேன்.

"கை ஊன்றலையே. செல்லும்."

நங்கையா வெளியே போனார், வந்தார். போனார், வந்தார். வெளியே காத்திருந்தவர்கள் என்ன நினைத்தார்களோ தெரியவில்லை. நாலாவதில் தொடை நடுங்கியது, நின்றுவிட்டார். கடைசி முறை கதவு திறந்தபோது இவர் பாதியில் நின்றார், எழவும் இல்லை உட்காரவும் இல்லை. நங்கையாவின் உதடு அசைந்தது. எந்திரிக்காதே என்று சொல்லப்போகிறாரோ என்று பயந்தேன்.

"வாங்கன்னு சொல்ல மாட்டீங்களா?" என்றார்.

சொன்னார். நின்றுகொண்டு சொன்னார். மருத்துவர் தேதி கொடுத்தார்.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததாகச் சொன்னார்கள். ஆனால் வார்டைப் பற்றி அவர் முதல் நாள் சொன்ன வார்த்தை எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. மேஜையில் தப்பியவர் கட்டிலில் தப்ப வேண்டுமே. மறுநாள் காலையில் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒருவரை மட்டும் விடுவோம் என்றார்கள். நங்கையா என் முதுகில் கை வைத்து, "நீங்க போங்க அம்மணி" என்றார்.

திரையை விலக்கினேன். மூக்கில் குழாய், கையில் குழாய், வயிற்றில் கட்டு. செவிலியரும் உதவியாளரும் அவரைக் கட்டில் விளிம்பில் கால் தொங்க உட்கார வைத்திருந்தார்கள். எழுந்து நிற்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள் போலிருக்கிறது, தலையைத் தலையை ஆட்டி மறுத்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

ஊசி குத்திய கை மெதுவாக மேலே வந்தது. இன்னொரு கை அதைத் தேடி வந்து சேர்ந்தது. வேண்டாம், படுங்கள் என்றுதான் எனக்கு முதலில் வாயில் வந்தது, தசையைப் பற்றி இத்தனை வருடம் பாடம் நடத்திய எனக்கே. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். தொடை நடுங்கியது, கால் தரையை அழுத்தியது, செவிலியர் பிடிப்பதற்கு முன்னால் எழுந்து நின்றுவிட்டார்.

"வாங்க அம்மணி" என்றார்.

கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து என்னை யாரும் வாங்க என்று கேட்டதில்லை. நான் அழுதுகொண்டே, "வந்தனுங்க" என்றேன்.